முதலில் நிற்கட்டும்



உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய கார் ஒன்றை வாங்கி வந்து, பின் இருக்கையைக் கழற்றி அஞ்சடியில் போட்டுவிட்டு, இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் அதன் அடியில் படுத்துக் கிடக்கிறானா? சம்பளத்தில் பாதி வீட்டுக்கும் பாதி அந்தக் காருக்கும் போகிறதா? ஏனடா என்று கேட்டால், "இது ரோட்டுக் கார் இல்லை, டிராக் கார்" என்று பதில் வருகிறதா? அப்படியானால் இதை எழுதுவது உங்களுக்காகத்தான். பிள்ளையும் படித்தால் நல்லது, படிக்கமாட்டான். நீங்கள் படித்துவிட்டு அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

இப்படிப்பட்ட பையன்களை நம்மவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உருப்படாதவன்! நான் அப்படிச் சொல்லமாட்டேன். தோட்டத்துப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் லோரிக்கும் டிராக்டருக்கும் கீழே படுத்துக் கிடந்தவன் நான். இயந்திரத்தின் மேல் ஒருவனுக்கு ஆசை வந்துவிட்டால், அது குடியைப் போலவோ சூதைப் போலவோ அல்ல. கையில் தொழில் ஏறும். ஆனால் அந்த ஆசை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

என் தங்கை மகன் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் பழுது பார்க்கிறான். தகப்பன் இல்லாத பிள்ளை. தங்கைக்கு அவன் ஒருவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் 1998ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5 ஒன்றை வாங்கினான். வீரா 1993இல் வந்து 2009 வரை தயாரான கார். உதிரிச் சாமான் எந்தப் பட்டணத்திலும் கிடைக்கும், விலையும் மலிவு. தேர்வு கெட்டதல்ல. ஒரு நாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நீங்க வந்து அவனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அப்பா இருந்தா சொல்வாரு. ரேசு, கீசுன்னு என்னமோ பேசுறான். எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

போனேன். கார் வேண்டாம் என்று சொல்வதற்காகப் போகவில்லை. என்ன செய்கிறான் என்று பார்க்கப் போனேன். அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். சேர்த்து வைத்த ஆறாயிரம் வெள்ளிக்குக் கணக்குப் போட்டிருந்தான். எக்ஸ்ட்ராக்டர், எக்ஸோஸ்ட் குழாய், கேம், காற்று வடிகட்டி, கணினிப் பெட்டி, டைனோவில் ஏற்றி டியூனிங். எல்லாவற்றுக்கும் நேராக விலை எழுதியிருந்தது. கடைசி வரியில் 'பிரேக்' என்று எழுதி, விலை போடாமல், 'அப்புறம்' என்று மட்டும் குறித்திருந்தான்.

"ஏன் தம்பி, இது மட்டும் அப்புறம்?" என்றேன்.

"மாமா, இப்போ இருக்கிற பிரேக் நல்லாத்தானே பிடிக்குது!"

நல்லாத்தான் பிடிக்கும். கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் போய் வருவதற்கு அது போதும். சிப்பாங்குக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக் கார் என்பது, போட்டிக்காகக் கட்டிய ஓடுபாதையில் ஓட்டுவதற்கென்று தயார் செய்யும் கார். நம் தலைமுறைக்கு ஓடுபாதை என்றால் ஷா ஆலாம் பத்து தீகாதான். உலக மோட்டார் சைக்கிள் போட்டிகள் 1991 முதல் 1997 வரை அங்கே நடந்தன. இன்று அந்த ஓடுபாதை இல்லை. 1999இல் சிப்பாங்கில் புதியது திறந்தார்கள். நம்மவர்கள் குலை வெட்டிய எண்ணெய்ப்பனை வட்டாரம் அது. அந்த வருடம் தொடங்கி 2017 வரை பார்முலா ஒன் கார்கள் அங்கே ஓடின. சுற்று ஒன்றுக்கு 5.543 கிலோமீட்டர், வளைவுகள் பதினைந்து. போட்டி இல்லாத சில நாட்களில் கட்டணம் கட்டினால், தலைக்கவசத்தோடு சொந்தக் காரை ஓட்ட விடுவார்கள். என் மருமகன் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

அந்தப் பாதையின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்வையாளர் மண்டபத்துக்கு இருபுறமும் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் இருக்கின்றன. ஒன்றில் மிதித்துக்கொண்டு வந்தால் முடிவில் கொண்டையூசி போன்ற கடைசி வளைவு. பிரேக்கை அழுத்தியே ஆகவேண்டும். திரும்பினால் உடனே அடுத்த நேர்ப்பாதை. அதன் முடிவில் முதல் வளைவு. மறுபடியும் பலமாக அழுத்த வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை. முதல் அழுத்தில் ஏறிய சூடு தணிவதற்கு முன்னே இரண்டாவது வந்துவிடும்.

எவ்வளவு சூடு? பெண்களுக்கு எளிதில் விளங்குகிற மாதிரி சொல்கிறேன், ஆண்களும் கேட்டுக்கொள்ளலாம். ஆளோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதை 60க்குக் குறைக்க வேண்டும். அந்த ஓட்டத்தின் சக்தி எங்கேயும் மாயமாய்ப் போய்விடாது. முழுவதும் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டைக் கொண்டு ஏறக்குறைய இரண்டே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அடுப்பில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிற காரியம். பிரேக் அதை நாலைந்து விநாடியில் செய்கிறது. அதில் நூற்றுக்கு எழுபது பங்கு, முன் சக்கரங்களில் இருக்கும் இரண்டு இரும்புத் தட்டுகளின் தலையில் விழுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இன்ஜினுக்குப் பலம் ஏற்றுகிறவன், தன் பிரேக்குக்கு வேலை ஏற்றிக்கொண்டே போகிறான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து மட்டும் பேசவில்லை. பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஒன்று இருந்தது. மேட்டில் ஏறத் திணறுகிறது என்று இன்ஜினைப் பிரித்துப் புதிதாகச் செய்தோம். லோரி குதிரை மாதிரி ஏறியது. அதைக் கண்டதும் மேலிடத்தில், முன்பைவிட அதிகப் பாரம் ஏற்றச் சொன்னார்கள். பிரேக்குச் சாமான் மாற்ற வேண்டும் என்று பட்டறைப் புத்தகத்தில் நான் எழுதி வைத்த குறிப்பு, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஒரு மழை நாள். முழுப் பாரத்தோடு பெரிய இறக்கத்தில் வந்த லோரி, பாதி வழியில் பிரேக் விட்டுப்போய், கால்வாயைத் தாண்டிப் பனைமரத்தில் மோதி நின்றது. டிரைவர் எங்கள் லயத்துக்காரர், நல்ல மனிதர். மிதித்த மிதி அப்படியே தரைக்குப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் தோட்டத்து கேட்டில் காவல் இருந்தார். குலைகளின் மேல் உட்கார்ந்து வந்த இரண்டு பையன்கள் முன்னதாகவே குதித்துத் தப்பினார்கள்.

இந்தக் கதையை மருமகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. நோட்டுப் புத்தகத்தை வாங்கி 'அப்புறம்' என்ற சொல்லை அடித்தான். புத்திசாலிப் பையன்.

வேலையைப் பிரேக் எண்ணெயிலிருந்து தொடங்கினோம். பலர் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. நம் நாட்டு ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்று குறித்த எண்ணெய், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஓடுபாதையில் பம்ப் சூடேறி அந்த எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது; ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிப்பது ஆவியை அமுக்குவதற்கே சரியாகப் போகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. லோரி டிரைவர் சொன்ன 'தரைக்குப் போன மிதி' இதுதான்.

மருமகனின் காரிலிருந்து வந்த பழைய எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தது. எத்தனை வருடத்து எண்ணெயோ! முழுவதும் வடித்து, மூடி திறக்காத புதுப் போத்தல் வாங்கி நிரப்பி, பழுதுபார்க்கும் புத்தகத்தில் சொன்ன வரிசைப்படி நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்தோம். பாதி உபயோகித்துவிட்டு மூடி வைத்த போத்தலை வாங்காதீர்கள். அந்த எண்ணெய் காரின் சாயத்தின் மேல் பட்டால் உரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அடுத்தது பேட். கடையில் கேட்டால் சாலைக்கு ஒரு வகை, ஓடுபாதைக்கு ஒரு வகை என்று தருவார்கள். சாலைப் பேட் காலையில் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும்; சூடு எல்லை மீறினால் வழுக்கும். ஓடுபாதைப் பேட் நேர் எதிர். சூடேறினால்தான் பிடிப்பு வரும். குளிர்ந்திருக்கையில் மந்தம், சத்தம் வேறு. முழு ஓடுபாதைப் பேட் போட்டுக்கொண்டு காலையில் பால் வாங்கப் போகாதீர்கள். மருமகனின் கார் சிப்பாங்குக்குத் தானே ஓடிப்போய்த் தானே திரும்புகிற கார், டிரெய்லரில் ஏற்றிப் போக வசதியில்லை. ஆகையால் இரண்டுக்கும் நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். புதுப் பேட்டைப் பழக்குவது என்று ஒரு வேலை இருக்கிறது. காலியான இடத்தில் மெதுவான வேகத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிப் பல தடவை வேகத்தைக் குறைத்து, பிறகு நிறுத்தாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். முதல் நாளே பாதையில் போய் அமுக்கினால் பேட் மெருகேறிக் கண்ணாடியாகிவிடும்.

டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் அவன் ஹாஃப் கட் கடை கடையாக ஏறி இறங்கினான். அதே குடும்பத்தில் பெரிய இன்ஜினோடு வந்த காரிலிருந்து, உள்ளே காற்று போக வழியுள்ள பெரிய டிஸ்க்கும் அதற்குரிய காலிப்பரும் ஐந்நூறு வெள்ளிக்குள் கிடைத்தன. டிஸ்க்கின் தடிமனை அளந்து பார்த்துத்தான் காசு கொடுத்தோம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். ஓட்டை போட்ட டிஸ்க் ஒன்று பளபளவென்று தொங்கியது. அவனுக்கு அதன்மேல் ஒரு கண். வேண்டாம் என்றேன். சூடு ஏறி ஏறி இறங்கும்போது ஓட்டையின் ஓரத்தில் கீறல் விழும். காலிப்பருக்குச் சிவப்புச் சாயம் அடிக்கட்டுமா என்று கேட்டான். அடித்துக்கொள், அதற்காகக் கார் ஒரு அங்குலம்கூட முன்னால் நிற்காது என்றேன். அடித்துக்கொண்டான்!

ஆனால் பெரிய காலிப்பரை மாட்டியதோடு வேலை தீரவில்லை. அதற்குள் இருக்கும் பிஸ்டன் பெரிது. தள்ளுவதற்கு அதிக எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் பம்ப்பே இருந்தால் மிதி ஆழமாகப் போகும். ஆகையால் அதே காரின் மாஸ்டர் பம்ப்பையும் சேர்த்துப் போட்டோம். பழைய 13 அங்குலச் சக்கரம் புதுக் காலிப்பரில் உரசியது; 15 அங்குலம் தேட வேண்டியதாயிற்று. ஒன்றை மாற்றினால் இன்னொன்று கேட்கும், கல்யாண வீட்டுச் செலவு மாதிரி. பின்னால் இருந்த டிரம்மை அப்படியே விட்டு, உள்ளே கட்டை மட்டும் புதிதாகப் போட்டோம். பின் சக்கரம் முந்திக்கொண்டு பிடித்தால் கார் தட்டாமாலை சுற்றிவிடும். கடைசியில், முன் பம்பரில் பனிவிளக்கு இருந்த ஓட்டையிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு வளையும் குழாய் ஒன்றைக் கொண்டுபோய்க் காற்று பாய விட்டோம். இருபது வெள்ளிச் செலவு. எல்லா வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு நல்ல டயர் இல்லாவிட்டால் பயனில்லை. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர்.

இன்ஜினுக்கு வருவோம். டியூனிங் என்றதும் பையன்களுக்குக் கணினிப் பெட்டியும் டைனோவும்தான் கண்முன் நிற்கும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய 1468 சிசி இன்ஜின் அது. முதலில் அது ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்தோம். மூன்று ஒரே அளவில் இருந்தன, ஒன்று குறைந்தது. அந்தத் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறவில்லை. ஏறியிருந்தால் வளையம் தேய்ந்தது என்று அர்த்தம். ஆகக் கோளாறு வால்வில். தலையைக் கழற்றி வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தோம். டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டர் மூடி, பிளக், எல்லாம் புதிது. இதற்கே ஆயிரம் வெள்ளி ஆனது. புதுப் பலம் ஒன்றும் சேர்க்கவில்லை, போன பலத்தைத் திரும்ப வாங்கினோம்.

மிஞ்சிய பணத்தில் எக்ஸ்ட்ராக்டரும் டைனோவும். கேம் வாங்கவில்லை. காற்றும் பெட்ரோலும் சேரும் அளவுதான் டியூனிங்கின் உயிர். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். முழு மிதியில் ஓடும்போது பெட்ரோலைச் சற்றுக் கூட்டி, ஏறக்குறைய 12.5இலிருந்து 13க்குள் வைப்பார்கள். பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறிப் பிஸ்டனே உருகலாம். பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளினால் ஓர் எல்லை வரை பலம் கூடும். எல்லை தாண்டினால் உள்ளே சம்மட்டி அடிப்பது போல் 'டக் டக்' என்று தட்டும். டைனோக்காரர் அந்த எல்லைக்கு இரண்டு படி இப்பாலேயே நிறுத்திக்கொண்டார். மத்தியான வெயிலில் பாதையில் ஓடும் கார் அல்லவா என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் தொழில் தெரிந்தவர் என்று கண்டுகொண்டேன். சக்கரத்தில் ஏழு குதிரைத்திறன் கூடியிருந்தது. மருமகனுக்கு முகம் கொஞ்சம் வாடியது, இருபது எதிர்பார்த்திருப்பான்.

பிரேக் வேலை முடிந்து ஒரு முறை, இன்ஜின் வேலையும் முடிந்து ஒரு முறை, அதற்கெல்லாம் முன்னே பழைய நிலையில் ஒரு முறை என்று மூன்று தடவை அவன் சிப்பாங்கில் ஓட்டியிருக்கிறான். பழைய நிலையில் இரண்டாவது சுற்றிலேயே மிதி மெத்தென்று ஆகி, மெதுவாக ஓட்டித் திரும்பினான். பிரேக் மாற்றிய பின் ஆறு சுற்று ஒரே மாதிரி ஓட்டினான். சுற்று ஒன்றுக்கு நாலு விநாடி குறைந்தது. இன்ஜின் வேலைக்குப் பின் குறைந்தது ஒரு விநாடி சொச்சம். இதை நான் சொல்லவில்லை, அவனுடைய நோட்டுப் புத்தகம் சொல்கிறது.

பாதையில் மிதி எப்படி மாறுகிறது என்று காலால் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். மிதி மெத்தென்று கீழே போனால் எண்ணெய் கொதிக்கிறது. மிதி கல் மாதிரி இருந்தும் கார் நிற்காவிட்டால் பேட் வழுக்குகிறது. இரண்டில் எது வந்தாலும் அன்றைக்குப் போதும், வெளியே வந்துவிட வேண்டும். வரும்போது கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிக் காற்றில் ஆறவிட வேண்டும். நிறுத்திய பிறகு கைப் பிரேக்கை இழுக்கக் கூடாது. சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும். சூடான டிரம்மில் கட்டை ஒட்டிக்கொள்ளும்.

பெற்றோர்கள் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஓடுபாதையில் நடப்பதற்குச் சாதாரண மோட்டார் காப்புறுதி பொதுவாகக் கை கொடுக்காது. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். காரில் செய்யும் மாற்றங்களில் எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்பதை ஜேபிஜேயில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவதை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். சனிக்கிழமை நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வேகம் பார்க்கும் பையன்களுக்கு எதிரே, மூன்றாம் ஷிப்டு முடித்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நம் வீட்டு ஆளாக இருக்கலாம். சிப்பாங்கில் எதிரே யாரும் வருவதில்லை. எல்லோரும் ஒரே திசை, வளைவுக்கு வளைவு கொடி பிடித்து ஆள் நிற்கிறார், ஆம்புலன்சு காத்திருக்கிறது. வேகம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு நூறு இருநூறு வெள்ளியை அந்த இடத்துக்கென்று ஒதுக்கிக் கொடுப்பது வீண் செலவாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை தங்கையும் எங்களோடு வந்தாள். மண்டபத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் கண்ணில் பட்டபோதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் உள்ளே வந்து நிறுத்தியதும், "ஏண்டா, அந்தக் கடைசி வளைவுல கொஞ்சம் முன்னாடியே பிரேக் போடக்கூடாதா?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இப்போது புதிய வேலை ஒன்று வந்திருக்கிறது. நீண்ட வளைவுகளில் ஓட்டும்போது எண்ணெய் அழுத்த முள் ஒரு கணம் கீழே விழுந்து எழும்புகிறதாம். தொட்டியில் இருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கிறது. அதை விட்டால் பேரிங் தாங்காது. தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்து ஒட்டவேண்டும். கேமுக்குச் சேர்த்த காசை அதற்குத் திருப்பிவிட்டான், நான் சொல்லாமலே. தகடு என்னிடம் இருக்கிறது. அட்டையில் அளவு வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழற்றுகிறோம்.